காரணம் கேட்ட சண்முகவேல்

மதராஸ் துறைமுகத்தில் சண்முகவேலுக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து, ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த மாமாவின் கடைக்கு வந்தவர் அவர். கடைவேலை ஒத்துவராமல் துறைமுகத்துக்கு மனுப்போட்டு உள்ளே நுழைந்துவிட்டார். மாமா வீட்டில் அதற்காகக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த அளவுக்கு அந்தப் பக்கத்தில் பல பேருடைய கதை ஒன்றுதான்.

அவரைத் தனியாகக் காட்டியது வேறு விஷயம். பேய்க்கதைத் தொகுப்பு எது வெளிவந்தாலும் அதைப் பற்றிச் சண்முகவேல் என்ன எழுதப்போகிறார் என்று பதிப்பாளர்கள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

அது தொடங்கியது கஸ்பாரின் அச்சகத்தில். கஸ்பார் தூத்துக்குடிக்காரர். ராயபுரத்தில் அச்சகம் வைத்துக் கலியாணப் பத்திரிகையும் கடை நோட்டீசும் அடித்துக்கொண்டு, ஆசைக்கு ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். மதிப்புரைக்கு வருகிற புத்தகங்களில் நாவல்களை ஒரு வக்கீல் எடுத்துப் போவார், கட்டுரைகளை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எடுத்துப் போவார். அட்டையில் மண்டையோடு போட்ட புத்தகங்கள் மட்டும் மூலையில் தூசி படிந்து கிடக்கும். சுதந்திரம் வந்த மறுவருஷம், மாமா கடைக்கு ரசீதுப் புத்தகம் வாங்கப் போன சண்முகவேல், காத்திருந்த நேரத்தில் அதில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ரசீதுப் புத்தகம் தயாராகி வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, இதில் ஒன்றுதான் கதை, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்றார். அதையே எழுதிக் கொடுங்கள் என்றார் கஸ்பார்.

எழுதினார். அடுத்த மாதமும் எழுதினார். டிராமில் போகும்போதும் வரும்போதும் படிப்பார். அந்த வகைப் புத்தகங்கள் அப்போது ஈசல் மாதிரி வந்துகொண்டிருந்தன. ரயில் நிலையக் கடைகளில் தொங்கும், ஒரு பிரயாணத்தோடு உயிர் போய்விடும். அவற்றை யாரும் உட்கார்ந்து படித்து நியாயம் பேசியதில்லை. சண்முகவேல் பேசினார். ஒரு தொகுப்பில் பாதிக் கதைகளில் பாழுங்கிணறு வந்ததைப் பார்த்து, இந்த ஆசிரியருக்கு முனிசிபாலிட்டிக் குழாய் போட்டுக் கொடுத்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்று எழுதினார். கும்பகோணத்திலிருந்து அந்த ஆசிரியர் வக்கீல் நோட்டீஸ் விடப்போவதாக மிரட்டினார். சலங்கைச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிடலாம் என்பார். தொகுப்பு என்றால் கதைகளைக் கட்டிப்போட்ட மூட்டை கிடையாது என்பார். ஒரே தந்திரம் இரண்டு கதையில் வந்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததையும் சேர்த்துக் கொன்றுவிடும். முதல் கதையிலேயே பேயைக் காட்டிவிட்டால் கடைசிக் கதை வரைக்கும் வாசகன் கொட்டாவி விடுவான். இப்படி நிறையச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே அவர் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றுண்டு. பேய் வருவதற்குக் காரணம் இருக்க வேண்டும். ஏன் வந்தது, யாரிடம் வந்தது, என்ன கேட்டு வந்தது என்று ஆசிரியருக்குத் தெரியவில்லையென்றால், அது பயமுறுத்துகிற கதை ஆகாது, சும்மா கை தட்டி ஆளைக் கூப்பிடுகிற கதை என்று அடித்து எழுதுவார்.

அவருக்குப் பேயில் துளி நம்பிக்கையில்லை. அதனால்தான் மூலக்கொத்தளத்தில் வீடு பார்த்தார். சுடுகாடு பக்கத்தில் என்பதால் வாடகை மலிவு, குடியிருக்க ஆள் வருவதில்லை. மனைவி பூமாரி அதற்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. திசையன்விளைக்காரி. மேளம் கேட்டால் வாசலுக்கு வந்து, போகிற பிணம் வயதானதா சின்ன வயதா என்று பார்த்துவிட்டு, வயதானதாக இருந்தால் நிம்மதியாக உள்ளே போய்விடுவாள். அவர்களுக்குக் குழந்தையில்லை. அதைப் பற்றி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலங்களில் அவர் கதைகளை அவளுக்குச் சத்தமாகப் படிப்பார். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். எங்கேயாவது அவள் கை நின்றால் கதை தேறிவிட்டது என்று அர்த்தம். கை நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தால் அந்தக் கதையை மதிப்புரையில் ஒரு வரியில் தள்ளிவிடுவார். பத்திரிகையில் வந்த அவருடைய தீர்ப்புகளில் பாதி, பூமாரியின் விரல்கள் சொன்னவைதான். அவருடைய விதிகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

டிராம் நின்றுபோனதற்கு அடுத்த வருஷம் கஸ்பார் ஒரு போட்டி அறிவித்தார். பேய்க்கதை எழுதி அனுப்புங்கள், நல்லவற்றைச் சேர்த்துக் கிறிஸ்மஸுக்குள் புத்தகமாகப் போடுகிறோம், தேர்ந்தெடுப்பவர் சண்முகவேல் என்று விளம்பரம். கதைகள் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றைத் துறைமுகத்துச் சாக்கில் போட்டு ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சண்முகவேல் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தேறுவதை இடப்பக்கமும் தேறாததை வலப்பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். பூமாரி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, அவரை ஒட்டி உட்கார்ந்தாள். சமையல் நேரத்தில் அப்படி வந்து உட்காருகிறவள் அல்ல.

"அடுப்புக்கிட்ட ஒருத்தன் நிக்கான்," என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. புறவாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திரும்பி வந்து யாருமில்லையே என்றார். அவர் வந்தால் போய்விடுகிறான் என்றாள் அவள். ஆடி மாதத்திலிருந்தே உச்சிவேளையில் அவன் வருகிறானாம். காக்கிச் சட்டை போட்டிருக்கிறான், கையில் மடக்கிய குடை. தொந்தரவு ஒன்றும் செய்வதில்லை. அடுப்புக்கு வலப்பக்கம் நின்று சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இத்தனை நாள் சொல்லாமல் இருந்து பார்த்தாள், இன்றைக்கு முடியவில்லை.

"யாரு அவன்?" என்று கேட்டார் சண்முகவேல்.

"தெரியல."

"செத்துப்போனவனா?"

"அதுவும் தெரியலங்க."

"எதுக்கு வாரானாம்?"

"எதுக்குன்னு சொல்ல மாட்டங்கான். சும்மா நிக்கான்."

அவர் மடியில் யாரோ எழுதிய கதை ஒன்று பாதியில் கிடந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த அதே மனத்தோடு, அதட்டாமல், கொஞ்சம் யோசித்து, "காரணமே இல்லாம ஒருத்தன் வந்து நின்னா யாரு நம்புவா, பூமாரி?" என்றார்.

அவள் தலையாட்டினாள். எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள்.

இரண்டொரு நாள் கழித்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள். அவன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து செத்தவனாம், கணக்குப் பார்த்தவர் வீடு என்று தேடி வருகிறானாம். சண்முகவேல் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். செத்தவனா என்று அன்றைக்குத் தெரியவில்லை என்றாயே என்று கேட்டார். அவள் திகைத்துப்போய்ப் பேச்சை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் வேறொன்று சொன்னாள். இந்த வீட்டில் முன்னே குடியிருந்தவன் பசியோடு தூக்குப்போட்டுக்கொண்டானாம், அதனால்தான் சோற்றுப்பானையையே பார்க்கிறானாம். கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது அந்தக் கோயமுத்தூர்க்காரர் கதையில வந்ததுல்லா? போன மாசம் நாந்தானே உனக்குப் படிச்சேன்."

பூமாரி அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஆமா," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஆளைப் பற்றி அவரிடம் அவள் பேசவேயில்லை. அவருக்காகத்தான் அவள் காரணம் தேடியிருக்கிறாள், அவர் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது கேட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன் என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புறவாசலில் வைத்துச் சமைத்தாள். மழை பிடித்ததும் அதுவும் முடியாமல் சில நாள் சமைக்காமலே இருந்தாள். உடம்பு இளைத்தது. வெயில் ஏறினாலே வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். அடுத்த வீட்டில் குடியிருந்த கோவிந்தம்மாதான் முதலில் கவனித்தவள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பகலில் திரும்புகிறவள். அவளிடம் பூமாரி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கோவிந்தம்மா யார், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய், அடுப்புக்கு வலப்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இன்னாபா, பொம்பள தனியா கீற வூட்ல வந்து நின்னுகினு? வேற வேல இல்ல உனுக்கு? போ அப்பால."

கொஞ்ச நாள் அது பலித்தது. பூமாரி உள்ளே சமைத்தாள், சாப்பிட்டாள். கோவிந்தம்மா வியாபாரத்தை வெட்டிக்கொண்டு உச்சிவேளைக்கு வந்து கூட உட்கார்ந்தாள். பிறகு அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவன் வந்து நிற்கத் தொடங்கினான். பூமாரியின் கண் போகிற இடத்தைப் பார்த்துக் கோவிந்தம்மா அதைத் தெரிந்துகொண்டாள்.

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு குப்பத்தில் வேப்பிலை அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், கூட்டிப் போகலாம் என்று கோவிந்தம்மா சொன்னபோது சண்முகவேல் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அதைப் பற்றிக் கிண்டலாக ஒரு பாரா எழுதியிருப்பார். இப்போது வேறு வழி சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. ராயபுரத்து டாக்டர் ஒருவர் சத்து டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். மாமா வீட்டில், சுடுகாட்டுப் பக்கம் குடிபோனால் இப்படித்தான் என்றார்கள். வீட்டை மாற்றலாமா என்று பூமாரியைக் கேட்டார். எங்கே போனாலும் அடுப்பு இருக்குமே என்றாள் அவள்.

"நைனா, நீ ஒண்ணும் நம்ப வாணாம்," என்றாள் கோவிந்தம்மா. "கூட மட்டும் வா. அது போதும்."

போனார். கடற்கரை மணலில் ஓலைப் பந்தல். நல்ல வெயில். பந்தலைச் சுற்றிக் குப்பத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பூமாரியின் கூந்தலை அவிழ்த்து உட்கார வைத்து, வேப்பிலைக்காரர் தழைக்கொத்தால் முகத்திலும் தோளிலும் அடித்து, பேரைச் சொல்லு, யாரு நீ, எதுக்கு வந்த என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அதே கேள்விகள். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சண்முகவேல் கேட்டவை. இந்தக் காட்சி வராத தொகுப்பு கிடையாது. அது வரும்போதெல்லாம் தேய்ந்துபோன சரக்கு என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கதையிலும் அந்தப் பெண்ணின் காதோரம் வேப்பிலைக் காம்பு கிழித்து ரத்தம் வந்ததாக அவர் படித்ததில்லை.

அடி பலமானதும் பூமாரி, "மாசானம்," என்றாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதற்கு வந்தாய் என்றதற்கு, பசிக்குது, சோறு வேணும் என்றாள். அது போதுமானதாக இருந்தது. வேப்பிலைக்காரர் கோழி அறுத்தார், அவள் முடியில் கொஞ்சம் எடுத்து மரத்தில் வைத்து ஆணியடித்தார்.

மாசானம் என்பது திசையன்விளையில் பூமாரி வீட்டுக்கு எண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிற செக்குக்காரர் பெயர். நல்ல மனிதர், அப்போது உயிரோடுதான் இருந்தார். அடி நிற்பதற்காக வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறாள் என்று சண்முகவேலுக்குத் தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம். சொன்னால் மறுபடியும் அடிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பூமாரி அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். கோவிந்தம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவன் போகவில்லை. கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு பகலில் பூமாரி கட்டின சேலையோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். எண்ணூர்ப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தவளை ரயில்வே ஆட்கள் பிடித்து உட்கார வைத்துத் தகவல் சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரிதான். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகப் பேசினார். இந்த மாதிரி ஆட்கள் வருவதைப் பல பேர் சொல்கிறார்கள், இதற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, மின்சார சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். சண்முகவேல் கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில் கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. கஸ்பார் நெருக்கவில்லை, ஆனால் விளம்பரம் செய்தாயிற்று, கதை எழுதியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சண்முகவேல் சாக்கைப் பிரித்து மறுபடி உட்கார்ந்தார். ஒன்றும் ஓடவில்லை. எல்லாக் கதையும் நன்றாக இருப்பது போலிருந்தது, பிறகு எல்லாமே மோசமாக இருப்பது போலிருந்தது. அடுக்களையில் இன்னும் கரைக்காமல் காய்ந்து கிடந்த புளி அவர் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. சத்தமாகப் படித்துப் பார்த்தார். கேட்க ஆளில்லாமல் அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. கடைசியில் சாக்கை அப்படியே அச்சகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார். இனி எது நல்லது எது கெட்டது என்று தனக்குத் தெரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கஸ்பார் அவரை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. அவங்க பாத்ததை அப்படியே எழுதுங்க. சாக்கில உள்ள அத்தனை கதையும் இதுக்கு உறை போடக் காணாது."

கஸ்பார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுதினால் மனம் ஆறும் என்று உண்மையாகவே நினைத்தார். சண்முகவேலுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போய் எழுதக்கூட முயன்றார். காக்கிச் சட்டை, மடக்கிய குடை, சோற்றுப்பானை. அதற்குமேல் போக முடியவில்லை. அவன் ஏன் வந்தான் என்று எழுதப் போனால் பொய்யாகிறது. ஏன் என்று எழுதாமல் விட்டால், அவள் என்ன பாடு பட்டாள் என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. எழுதின தாளைக் கிழித்துக் கரி அடுப்பில் போட்டார்.

புத்தகம் பொங்கல் வாக்கில் வந்தது. கஸ்பாரே தேர்ந்தெடுத்தார். அட்டையில் விளம்பரத்தில் சொன்னபடி சண்முகவேலின் பெயர் இருந்தது. நன்றாக விற்றது. துறைமுகத்தில் சக குமாஸ்தாக்கள் வாங்கிப் படித்துவிட்டு வந்து, எல்லாக் கதையும் பிரமாதம், நல்ல தேர்வு என்று கைகொடுத்தார்கள். அவர் நன்றி சொன்னார். அதில் இருப்பது என்னென்ன கதைகள் என்று அவருக்குத் தெரியாது. மதிப்புரை எழுதுவதை அத்தோடு விட்டுவிட்டார்.

பூமாரி மாசி மாதம் வீடு திரும்பினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்த ஆள் போய்விட்டான். அவனோடு வேறு பலவும் போயிருந்தன. கோவிந்தம்மாவின் பெயர் சட்டென்று வரவில்லை. திசையன்விளை வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று யோசித்தாள். முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று மறந்து உட்கார்ந்திருந்தாள். ஞாபகமெல்லாம் மெல்ல மெல்ல வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் வந்தது.

அடுத்த கோடையில், சண்முகவேல் வீட்டில் இருந்த ஒரு பகலில், பூமாரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் சற்று இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் வருகிறவருக்கு இடம் விடுகிற மாதிரி. முகத்தில் பயமில்லை, ஒரு அலுப்பு மட்டும் இருந்தது. அவர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"வந்துட்டானா?" என்று கேட்டார்.

"யாரு?" என்றாள் அவள், திரும்பாமல்.

அவர் மேலே கேட்கவில்லை. உள்ளே போய் அவளை ஒட்டி உட்கார்ந்தார். வலப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அங்கே கால் நீட்ட அவருக்கு மனம் வரவில்லை.

மறுவாரமே வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். யாரும் விரும்பாத சாயங்கால முறையைக் கேட்டு வாங்கினார். பகல் முழுவதும் வீட்டில் இருக்கலாம். மாமா வீட்டில், பெண்டாட்டிக்குச் சமைத்துப்போடுகிறவன் என்று பேசினார்கள். அது உண்மைதான். உச்சிவேளையில் பூமாரியைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அவரே அடுப்பின் முன் உட்கார்ந்தார். புளியை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, உலை எப்போது கொதிக்கும் என்று கோவிந்தம்மா வாசலிலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். தன் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

சில நாள் பூமாரி முன்னால் வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுவிட்டு, சோறு குழைந்துபோச்சு, உப்பும் கூட என்பாள். அப்படிச் சொல்கிற நாட்களில் சண்முகவேல் கொஞ்சம் உற்சாகமாகத் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போவார்.